மெஷ் போட்டும் ராத்திரியானால் வைஃபை திணறுகிறது: சேனல் நெரிசலுக்கு என்ன செய்யலாம்?

7 ஜூன் 2025, பெங்களூரு ஒயிட்ஃபீல்டிலிருந்து வந்த கேள்வி

மூன்று படுக்கையறை ஃபிளாட், பதினோராவது மாடி. 300 எம்பிபிஎஸ் ஃபைபர். மூன்று யூனிட் மெஷ் (பல பெட்டிகள் சேர்ந்து ஒரே வைஃபையாக இயங்குவது) வாங்கி வைத்தாகிவிட்டது. பகலில் குறை சொல்ல முடியாது. ராத்திரி எட்டு மணிக்கு அமெரிக்க டீமோடு மீட்டிங் ஆரம்பித்தால் குரல் வெட்டி வெட்டி வருகிறது. ஹாலில் பையன் பார்க்கும் கிரிக்கெட் சுற்றிக்கொண்டே நிற்கிறது. ஃபைபர்காரர்களைக் கேட்டால் லைன் நன்றாக இருக்கிறது என்கிறார்கள். நாலாவது யூனிட் வாங்கினால் தீருமா?

7 ஜூன், இரவு

வாங்காதீர்கள். முதலில் லைன் திணறுகிறதா, வீட்டுக்குள் வைஃபை திணறுகிறதா என்று பிரித்துப் பாருங்கள். மீட்டிங் நடக்கும்போதே லேப்டாப்பில் இரண்டு ஜன்னல் திறந்து, ஒன்றில் உங்கள் ரவுட்டரையும் (பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1) இன்னொன்றில் 8.8.8.8ஐயும் (கூகுளின் சர்வர்) பிங் செய்யுங்கள், அதாவது சின்னச் செய்தி அனுப்பிப் பதில் வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். ரவுட்டருக்கே நூறு, இருநூறு மில்லிசெகண்ட் என்று எகிறினால் ஃபைபர்காரர்கள் சொன்னது உண்மை. ரவுட்டர் ஒழுங்காக 3, 4 என்று காட்டி வெளியே மட்டும் எகிறினால் அவர்களை மறுபடி கூப்பிடுங்கள். ஸ்பீடு டெஸ்ட் இதற்கு உதவாது. அது சராசரியைச் சொல்லும், குரல் வெட்டுவது அந்தச் சராசரிக்குள் ஒளிந்துகொள்ளும்.

8 ஜூன்

பார்த்துவிட்டுச் சொல்லியிருக்கிறார்: பகலில் ரவுட்டருக்கு 3 மில்லிசெகண்ட், ராத்திரி ஒன்பதுக்கு அதுவே 150க்கும் 300க்கும் தாவுகிறது. அப்படியானால் வைஃபைதான்.

வைஃபைக்கு அடிப்படை விதி ஒன்று உண்டு: பேசுவதற்கு முன் கேட்க வேண்டும். அந்தச் சேனலில் (வைஃபை பேசும் அலைவரிசைத் துண்டில்) வேறு யாராவது பேசிக்கொண்டிருந்தால் காத்திருக்க வேண்டும். அந்த ‘யாராவது’ உங்கள் வீட்டு ஆளாக இருக்க வேண்டியதில்லை. மேல்வீட்டு டிவி, பக்கத்து வீட்டு லேப்டாப், கீழ்வீட்டு கேமரா எல்லாமே கணக்கில் வரும். ராத்திரி எட்டு மணிக்கு மொத்த அடுக்கக டவரும் வீட்டில் இருக்கும், உங்கள் லேப்டாப் தன் முறைக்காகக் காத்திருக்கும். நீங்கள் கட்டிய 300 எம்பிபிஎஸ் மோடம் வரை வந்துவிடுகிறது. அதற்கப்புறம் உள்ள பத்து அடியில்தான் இடமில்லை.

நாலாவது யூனிட் வைத்தால் அதே வரிசையில் இன்னொருவர் வந்து நிற்பார், அவ்வளவுதான்.

8 ஜூன், பிறகு

வைஃபை அனலைசர் போட்டுப் பார்ப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அது காட்டுவது எத்தனை நெட்வொர்க் இருக்கிறது என்பதையும் அவற்றின் சிக்னல் பலத்தையும்தான். நெரிசல் வேறு. இருபது பேர் சும்மா இருக்கும் சேனல், ஒரே ஒருவர் நாள் முழுக்க வீடியோ ஏற்றிக்கொண்டிருக்கும் சேனலைவிட நல்லது. சில ரவுட்டர்கள் சேனல் எத்தனை சதவீத நேரம் நிரம்பியிருக்கிறது என்று தாங்களே அறிவிக்கும், சில ஆப்கள் அதைப் படித்துக் காட்டும். அந்த எண் கிடைத்தால் அதை நம்புங்கள். ராத்திரி எடுத்துப் பாருங்கள், ஞாயிறு காலை எடுத்த படம் எதற்கும் உதவாது.

11 ஜூன்

“ஆப்பில் 1, 6, 11 மூன்றிலும் கூட்டம், 3 காலியாக இருக்கிறது, அதில் போய் உட்கார்ந்துவிட்டேன்” என்று மடிவாளாவிலிருந்து ஒருவர் எழுதியிருக்கிறார். தயவுசெய்து எழுந்துவிடுங்கள்.

2.4 கிகாஹெர்ட்ஸில் நம் ஊரில் 13 சேனல்கள் உண்டு. ஆனால் ஒரு சேனலுக்கும் அடுத்ததற்கும் இடையே 5 மெகாஹெர்ட்ஸ்தான். வைஃபையோ குறைந்தது 20 மெகாஹெர்ட்ஸ் அகலம் எடுத்துக்கொள்ளும். அதனால் ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் இருப்பவை 1, 6, 11 மட்டும். 3இல் உட்கார்ந்தால் 1இன் மேலும் 6இன் மேலும் பாதி பாதி கிடக்கிறீர்கள்.

அதே சேனலில் இருப்பவர்கள் குழாயடியில் வரிசையில் நிற்பவர்கள் மாதிரி: ஒருவர் பேச்சு மற்றவருக்குப் புரியும், முறை வரும்வரை நிற்பார்கள். இடைச்சேனலில் இருப்பவர் வரிசைக்கு வெளியே நின்று குடத்தை நீட்டுகிறார். அவர் பேச்சு மற்றவர்களுக்கு வெறும் இரைச்சலாகத்தான் கேட்கும். எண்ணிலும் இது தெரியும். புரிகிற வைஃபை சிக்னல் என்றால் மைனஸ் 82 டிபிஎம் (சிக்னல் பலத்தின் அளவு, மைனஸ் எண் பெரிதாகப் பெரிதாகச் சிக்னல் மெலிவு) அளவுக்கு மெலிந்திருந்தாலும் கருவி மதித்துக் காத்திருக்கும். புரியாத இரைச்சல் என்றால் மைனஸ் 62 வரை பலமாக இருந்தால்தான் காத்திருக்கும், அதற்குக் கீழே இருந்தால் மேலேயே பேசிவிடும். இரண்டு பேர் பேச்சும் கெடும், இரண்டு பேரும் திரும்ப அனுப்புவார்கள், நெரிசல் இன்னும் ஏறும்.

கூட்டமாக இருந்தாலும் 1, 6, 11இல் ஒன்றில் நில்லுங்கள்.

15 ஜூன்

மெஷ்ஷுக்கே உரிய சங்கதிக்கு வருகிறேன். பெட்டியில் “வீடு முழுக்க வைஃபை” என்று அச்சடித்திருப்பார்கள், அந்த யூனிட்கள் ஒன்றோடொன்று எப்படிப் பேசுகின்றன என்பதை அச்சடிப்பதில்லை. இரண்டு பேண்டு (2.4, 5 கிகாஹெர்ட்ஸ்) மெஷ்ஷில் பெரும்பாலும் உங்கள் லேப்டாப்போடு பேசும் அதே 5 கிகாஹெர்ட்ஸ் ரேடியோதான் அடுத்த யூனிட்டோடும் பேசுகிறது. ஒரே பாக்கெட் ஒரே சேனலில் இரண்டு முறை போக வேண்டும். கடைசி யூனிட் நடு யூனிட் வழியாக வந்தால் மூன்று முறை. வேகம் பாதி, அப்புறம் மூன்றில் ஒரு பங்கு. சேனல் காலியாக இருக்கும்போது கிடைப்பதே இவ்வளவுதான். ராத்திரி ஒவ்வொரு தாவலுக்கும் தனித்தனியாகக் காத்திருக்க வேண்டும், மீட்டிங்கில் குரல் வெட்டுவது இங்கேதான்.

பேக்ஹாலுக்கென்று (யூனிட்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் பாதைக்கென்று) தனி ரேடியோ வைத்த மூன்று பேண்டு மெஷ் இதில் தேவலை. விலையும் அதற்கேற்றபடி இருக்கும்.

இன்னொன்று. உங்கள் ஃபைபர் மோடம் எங்கே இருக்கிறது? புது ஃபிளாட் என்றால் வாசலுக்கு மேலே சுவருக்குள் ஒரு இரும்புப் பெட்டியில் டிவி கேபிள், இன்டர்காம் வயர்களோடு சொருகி மூடியிருப்பார்கள். அதன் வைஃபையை அணைத்தீர்களா? மெஷ் வாங்கியவர்களில் பலர் இதைச் செய்வதில்லை. அந்த மோடம் பெட்டிக்குள் இருந்தபடி தன் பெயரில் 2.4இலும் 5இலும் கத்திக்கொண்டே இருக்கும். யாரும் அதில் சேர்வதில்லை, ஆனாலும் உங்கள் சேனலில் அது ஒரு ஆள்.

16 ஜூன்

“யாரும் சேராத நெட்வொர்க் எப்படி நேரத்தைத் தின்னும்” என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி.

ஒவ்வொரு வைஃபை பெயரும் 102.4 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை “நான் இருக்கிறேன்” என்று பீக்கன் அனுப்பும். 2.4இல் பழைய கருவிகளுக்காக அதை 1 எம்பிபிஎஸ் வேகத்தில் அனுப்பும் ரவுட்டர்கள் நிறைய. ஒரு பீக்கன் சுமார் 300 பைட் என்று வைத்தால் 2,400 பிட், அதாவது 2.4 மில்லிசெகண்ட், முன்னுரைப் பகுதியையும் சேர்த்தால் 2.6. ஒரு பெயருக்கு ஏறக்குறைய இரண்டரை சதவீத நேரம் போய்விட்டது. மூன்று யூனிட், ஒவ்வொன்றிலும் வீட்டுக்கு ஒரு பெயர், விருந்தாளிக்கு ஒன்று, பல்பு கேமராவுக்கு ஒன்று: ஒன்பது பெயர். மூன்று யூனிட்டும் ஒரே சேனல். ஒரு எழுத்துகூட யாரும் அனுப்பாமல் சேனல் நேரத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டது! விருந்தாளி வைஃபையை விருந்தாளி வரும்போது போட்டால் போதும். 802.11பி (பழைய வைஃபை வகை) ஆதரவை அணைக்க வழியிருந்தால் அணைத்துவிடுங்கள், பீக்கன் 6 எம்பிபிஎஸ்ஸுக்கு ஏறி இந்தச் செலவு ஆறில் ஒரு பங்குக்குக் கிட்டே வந்துவிடும்.

22 ஜூன்

சேனல் அகலத்தைக் குறையுங்கள். இதைச் சொன்னால் யாருக்கும் பிடிப்பதில்லை. 80 மெகாஹெர்ட்ஸ் என்றால் வேகம், 160 என்றால் இன்னும் வேகம் என்று பழகிவிட்டது. தனி வீட்டுக்கு அது சரி.

5 கிகாஹெர்ட்ஸில் ரேடார் கட்டுப்பாடு (ரேடார் கேட்டால் சேனலை விட்டு விலக வேண்டும் என்ற டிஎஃப்எஸ் விதி) இல்லாத இடம் இரண்டு துண்டுதான்: 36 முதல் 48 வரை, 149 முதல் 165 வரை. 80 அகலத்தில் எடுத்தால் ஒரு டவர் முழுவதற்கும் இரண்டே இரண்டு சேனல். 40 ஆக்கினால் நாலு. 20 ஆக்கினால் ஒன்பது. நூறு வீடு இரண்டு சேனலில் மோதுவதா, நாலில் பிரிந்து நிற்பதா?

என் வீட்டில் (ராமமூர்த்தி நகர், பழைய கட்டடம், சாலிட் பிளாக் சுவர்) 80ஐ 40 ஆக்கிய அன்று ஸ்பீடு டெஸ்ட் எண் இறங்கியது. ராத்திரி மீட்டிங் நிமிர்ந்தது. வீடியோ மீட்டிங்குக்குச் சில எம்பிபிஎஸ் போதும், அது தடையில்லாமல் வர வேண்டும் என்பதுதான் முக்கியம். 2.4இல் 40 அகலம் என்பதை ஃபிளாட்டில் யாருமே வைக்கக் கூடாது. மூன்று சேனலில் இரண்டை ஒருவரே விழுங்குவது அது.

23 ஜூன்

நேற்று எழுதியதற்கு ஒரு துணைக்குறிப்பு. ஒயிட்ஃபீல்டு நண்பரின் கட்டடம் மிவான் கட்டுமானமாம். அதாவது அலுமினிய அச்சு வைத்து எல்லாச் சுவரையும் கம்பி போட்ட கான்கிரீட்டாகவே வார்த்தது. 5 கிகாஹெர்ட்ஸ் அந்தச் சுவரில் திணறும், அதனால்தான் அவருக்கு மூன்று யூனிட் தேவைப்பட்டது. ஆனால் அதே சுவர் பக்கத்து வீட்டு 5 கிகாஹெர்ட்ஸையும் நிறுத்துகிறது. அவருக்கு அயலார் சிக்னல் வருவது பால்கனிக் கண்ணாடி வழியாகவும் பாத்ரூம் டக்ட் வழியாகவும்தான் இருக்கும். எனவே அவர் முதலில் யூனிட்டை பால்கனி ஓரத்திலிருந்து உள்ளே தள்ளட்டும். பக்கத்து வீட்டுச் சிக்னல் மைனஸ் 82க்குக் கீழே போகிறதென்றால் அவர் 80இலேயே இருக்கலாம். என்னைப் போல பிளாக் சுவருக்குள் இருப்பவர்களுக்கு 40.

29 ஜூன்

விமானபுராவிலிருந்து ஒருவர்: “எங்கள் வீடு எச்ஏஎல் விமான நிலையத்துக்குப் பக்கம். டிஎஃப்எஸ் சேனலில் வைத்தால் விமானம் போகும்போதெல்லாம் வைஃபை அறுந்துவிடும் என்கிறார்கள், உண்மையா?”

விமானத்துக்கும் இதற்கும் நேரடித் தொடர்பில்லை. விமான நிலையங்களில் சுற்றிக்கொண்டிருக்கும் கண்காணிப்பு ரேடார் பொதுவாக 2.7 முதல் 2.9 கிகாஹெர்ட்ஸில் இயங்குவது. டிஎஃப்எஸ் விதி 5 கிகாஹெர்ட்ஸில் இருக்கும் வானிலை ரேடார், ராணுவ ரேடார் போன்றவற்றுக்காக. 52 முதல் 64 வரையும் 100 முதல் 140 வரையும் உள்ள சேனலில் ரவுட்டர் முதலில் ஒரு நிமிடம் சும்மா கேட்க வேண்டும், ரேடார் இல்லையென்றால்தான் பேசலாம். நடுவில் கேட்டால் பத்து விநாடிக்குள் கிளம்பிவிட வேண்டும், அரை மணி நேரத்துக்கு அந்தப் பக்கம் திரும்பக் கூடாது.

இந்தியாவில் 5470 முதல் 5725 மெகாஹெர்ட்ஸ் வரை உள்ள பகுதி 2018 அக்டோபரில்தான் உரிமமில்லாமல் பயன்படுத்தத் திறந்துவிடப்பட்டது. மொத்தம் 605 மெகாஹெர்ட்ஸ் ஆயிற்று. ஆனாலும் நம் அடுக்ககங்களில் 100க்கு மேல் யாரையும் காண்பது அபூர்வம். மோடம்கள் 36இலோ 149இலோ குவிந்து கிடக்கும். என் கட்டடத்தில் 100 முதல் 112 வரை ராத்திரியிலும் வெறிச்சோடித்தான் இருந்தது. முயன்று பாருங்கள். ரவுட்டர் லாகில் “ரேடார்” என்று அடிக்கடி வந்தால் விட்டுவிடுங்கள். சில ரவுட்டர்கள் ரேடார் இல்லாமலேயே ரேடார் என்று நினைத்துக்கொண்டு ஓடும். மீட்டிங் நடுவில் அப்படி ஓடினால் எல்லா யூனிட்டும் கூடவே இடம் மாறும்.

உங்கள் மெஷ் டிஎஃப்எஸ்ஸுக்கே போகாது என்றால் இந்தக் குறிப்பைத் தாண்டிப் போங்கள்.

2 ஜூலை

நேற்று மழையில் கரண்ட் போய் வந்தது. வந்தவுடன் அனலைசரைப் பார்த்தேன், சேனல் வரைபடம் மொத்தமாக மாறியிருந்தது. நினைத்துப் பார்த்தால் புரிகிறது. ஆட்டோவில் வைத்த ரவுட்டர் எழுந்தவுடன் சுற்றிப் பார்த்து, காலியாக இருக்கும் சேனலை எடுக்கும். ஜெனரேட்டருக்கு மாறும்போது டவரில் உள்ள அத்தனை ரவுட்டரும் ஒரே சமயத்தில் எழுந்தால் எல்லாருக்கும் எல்லாமே காலியாகத்தான் தெரியும். எல்லாரும் ஒரே இடத்துக்குப் போவார்கள். பலது அதற்கப்புறம் மறுபடி பார்ப்பதே இல்லை.

ரவுட்டருக்கென்று 12 வோல்ட் குட்டி யுபிஎஸ் விற்கிறது. மோடத்துக்கும் முதல் யூனிட்டுக்கும் ஒன்று போடுங்கள். சேனலைக் கையால் குறித்துவைக்க முடிந்தால் குறித்துவிடுங்கள். சில மெஷ்களில் அதற்கு இடமே தரமாட்டார்கள், “நெட்வொர்க்கைச் சீராக்கு” என்று ஒரு பொத்தான் மட்டும் இருக்கும். அதை ராத்திரி ஒன்பது மணிக்கு, நெரிசல் இருக்கும்போது அழுத்துங்கள்.

6 ஜூலை

என் வீட்டில் மெஷ் யூனிட்களுக்கு இடையே வயர் இழுத்தாகிவிட்டது. இத்தனை குறிப்பிலும் எனக்கு மிகவும் பிடித்த வழி இதுதான், இதற்குப் பக்கத்தில் சேனல் மாற்றுவதெல்லாம் சில்லறை வேலை.

எஸ்.பி. ரோட்டில் கேட்6 நெட்வொர்க் வயர் வாங்கினேன். கடைக்காரர் இரண்டு ரகம் எடுத்துப் போட்டார். விலை குறைந்ததன் கம்பியைக் கத்தியால் சுரண்டினால் செம்புப் பூச்சுக்குள் வெள்ளையாக அலுமினியம். வேண்டாம் அது. முழுச் செம்பு சுரண்டினாலும் சிவப்பாகவே இருக்கும்.

சுவருக்குள் பழைய டிவி கேபிள் போகும் பைப் இருந்தது. கிருஷ்ணகிரிக்காரர் ஒரு எலக்ட்ரீஷியன் அண்ணன் வந்தார். ஸ்பிரிங் விட்டுப் பார்த்தார், வளைவில் முட்டி நின்றது. “இருங்க சார், இந்தச் செத்த கேபிளையே கயிறாக்கிடுவோம்” என்று பழைய டிவி கேபிளின் நுனியில் கேட்6ஐ இன்சுலேஷன் டேப்பால் கூம்பு மாதிரி சுற்றிக் கட்டினார். நான் இங்கே தள்ள, அவர் பெட்ரூமில் இழுக்க, வளைவில் ஒருமுறை இறுகி, கொஞ்சம் பவுடர் போட்டதும் வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது.

கிரிம்ப் செய்யும்போது (வயர் முனையில் பிளக் பொருத்தும்போது) பக்கத்திலேயே நில்லுங்கள். கேமரா வேலை செய்து பழகியவர்கள் எட்டு வயரில் நாலை மட்டும் போட்டு “நெட் வருது” என்று முடித்துவிடுவார்கள். நாலில் 100 எம்பிபிஎஸ்தான் வரும், ஜிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். வரிசை: வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை பழுப்பு, பழுப்பு. இரண்டு முனையிலும் இதே.

இப்போது யூனிட்கள் வயரில் பேசிக்கொள்கின்றன. அதே சுவிட்சிலிருந்து டிவிக்கும் ஆபீஸ் லேப்டாப்புக்கும் வயர். நகராத எதுவும் வைஃபையில் இருக்க வேண்டாம். ராத்திரி ஒன்பதுக்கு ரவுட்டர் பிங் 1 மில்லிசெகண்டுக்குள். வைஃபையில் மிச்சம் இருப்பவை ஃபோன்கள் மட்டும், அவற்றுக்கும் இடம் தாராளம்.

13 ஜூலை

எதிர் ஃபிளாட் பெரியவர் விஷயம். சேலத்துக்காரர், ரிட்டயரானவர். அவர் மோடம் என் ஹால் சுவருக்கு அந்தப் பக்கம்தான். 2.4இல் 40 அகலம், சேனல் 4இல். போய்ச் சொன்னேன். “தம்பி, எங்க வீட்டு நெட்டை எதுக்கு மாத்தணும்? வேகம் குறைஞ்சிட்டா பேத்தி கிட்ட யார் திட்டு வாங்குறது?” என்றார். கேட்க வேண்டிய கேள்விதான். பாஸ்வேர்டை நான் வாங்கவில்லை. மோடத்தைத் திருப்பி அடியில் இருந்த ஸ்டிக்கரை அவரையே படிக்கச் சொன்னேன். அவரே உள்ளே போய் 20 அகலம், சேனல் 11 என்று வைத்தார். வைத்துவிட்டு அங்கேயே பேத்தியை வீடியோ காலில் கூப்பிட்டார். பேசி முடித்து, “முன்னைக்கு இப்ப முகம் தெளிவா இருக்கு” என்றார்.

பக்கத்து ஃபிளாட்டில் இரண்டு மலையாளப் பையன்கள், அவர்களுக்கு 6. எனக்கு 1. மேல்மாடிக்காரர் கதவைத் திறக்கவில்லை, அவர் இன்னும் ஆட்டோவில்தான் சுற்றுகிறார். ஒரு மாடி மட்டும் ஒழுங்கானால் தீராது, மேலும் கீழும் இருக்கிறது. இருந்தாலும் பலமான மூன்று சிக்னல் விலகிக்கொண்டது பெரிய விஷயம். பக்கத்து வீட்டு ரவுட்டர் நம் வீட்டு நெட்டில் பாதி என்பதால் இதைக் கேட்கத் தயங்க வேண்டாம்.

20 ஜூலை

சில்லறைக் கேள்விகளுக்குச் சேர்த்து ஒரே பதில்.

மைக்ரோவேவ் 2.45 கிகாஹெர்ட்ஸில் வேலை செய்வது, ஓடும்போது 2.4 கெடும், நின்றதும் சரியாகும். ரவுட்டரை அதன் மேல் வைக்காதீர்கள். ரவுட்டரின் பின்னால் யுஎஸ்பி 3 ஹார்ட்டிஸ்க் சொருகியிருந்தால் எடுத்துப் பாருங்கள், யுஎஸ்பி 3 வயரிலிருந்து 2.4இல் இரைச்சல் கசியும். ஜிக்பீ (ஸ்மார்ட் கருவிகள் பேசும் இன்னொரு ரேடியோ முறை) பல்பு வைத்திருப்பவர்கள் அதை 25ஆம் ஜிக்பீ சேனலில் வைத்தால் வைஃபையின் 1, 6, 11 எதிலும் படாது. ஃபோன் தூரத்து யூனிட்டையே பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறதா, யூனிட்களின் 2.4 பவரைக் குறையுங்கள். பவரைக் கூட்டுவது பலனில்லை. ரவுட்டர் கத்தினால் ஃபோனுக்குக் கேட்கும், ஃபோனின் மெல்லிய பதில் ரவுட்டருக்குக் கேட்க வேண்டுமே.

3 ஆகஸ்ட்

“6 கிகாஹெர்ட்ஸ் வந்தால் இந்தத் தொல்லையே இருக்காதே, வைஃபை 7 வாங்கிவிடட்டுமா?”

5925 முதல் 6425 மெகாஹெர்ட்ஸ் வரை உரிமம் தேவையில்லை என்று சொல்லும் வரைவு விதிகளை மத்திய அரசு 2025 மே மாதம் வெளியிட்டது. கட்டடத்துக்குள் குறைந்த பவரிலும், வெளியே மிகக் குறைந்த பவரிலும் பயன்படுத்த. அதனால் கிடைப்பது 500 மெகாஹெர்ட்ஸ் கூடுதல், 80 அகலத்தில் ஆறு சேனல், 160இல் மூன்று. எனக்கு உண்மையிலேயே ஆவலாக இருக்கிறது. சுவர் தாண்டினால் 6 கிகாஹெர்ட்ஸ் 5ஐவிடச் சீக்கிரம் மெலியும், ஃபிளாட்டுக்கு அது வரமே. ஆனால் உங்கள் ஃபோனிலும் லேப்டாப்பிலும் 6 இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இப்போது அவசரப்பட்டு வாங்க அவசியமில்லை. அந்தக் காசில் வயர் இழுங்கள்.

10 ஆகஸ்ட்

ஒயிட்ஃபீல்டு நண்பர்: மோடத்தின் வைஃபை அணைத்தாயிற்று, விருந்தாளிப் பெயர் போயிற்று, டிவிக்கும் நடு யூனிட்டுக்கும் வயர். மூன்றாவது யூனிட்டைக் கழற்றிவிட்டாராம், கான்கிரீட் சுவர் இருந்தும் இரண்டே போதுகிறது. மீட்டிங் வெட்டுவதில்லை.

மும்பை செம்பூரிலிருந்து ஒருவர், வாடகை வீடு, சுவரில் ஆணி அடிக்கவே ஓனர் விடமாட்டார், என்ன செய்வது என்கிறார். ஒன்று, தட்டையான கேட்6 கிடைக்கிறது, ஸ்கர்ட்டிங் ஓரமாக ஒட்டிக் கதவுக்கு அடியில் விடலாம், காலி செய்யும்போது உரித்துக்கொண்டு போகலாம். இரண்டு, மோடத்தையே நகர்த்துங்கள். உங்கள் மோடத்தில் பச்சை முனை வைத்த மெல்லிய ஃபைபர் வயர் சொருகியிருக்கும். அதற்குப் பதில் பத்து மீட்டர் பேட்ச் கார்டு போட்டால் மோடமும் மெஷ்ஷின் முதல் யூனிட்டும் வாசலோரத்திலிருந்து வீட்டின் நடுவுக்கு வந்துவிடும். லைன்மேனிடம் கேளுங்கள், பையிலேயே வைத்திருப்பார். ஃபைபரைக் கூர்மையாக மடிக்க வேண்டாம். 1 பிஎச்கே என்றால் நடுவில் ஒரு யூனிட் போதும், மற்றதை எடுத்துவையுங்கள்.